பால் எர்லிக்

பயிரைக் காப்பதற்கென்றே வேலி இடுகின்றோம். அவ்வேலியே பயிரை மேய்ந்தால் காப்பவர் யார்? நோய்க் கிருமிகளை எதிர்த்து அழிக்கும் ஆற்றல் நம் உடலுக்கு வேலியாக அமைந்துள்ளது. அவ்வாற்றல் சில வேளைகளில் நிலைதிரிந்து உடலின் உறுப்புகளையே தாக்குவதுண்டு. இத்தகைய கேடு நேருமா என்று முதன்முதல் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பால் எர்லிக்.

எர்லிக் 1854ஆம் ஆண்டு, பிரஷ்ய நாட்டைச் சார்ந்த சைலீசியாவில், ஸ்ட்ரெலன் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயிலும் நாளிலேயே அவர் உள்ளம் சாயங்களின்பால் சென்றது. ஒரு சாயம் ஒருவகை உயிரணுவில் மட்டும் படிகின்றது. அருகிலுள்ள பிறவற்றில் படிவதில்லை. அவ்வாறே ஒரு மருந்தும் நோயின் மூலத்தை மட்டும் நாடிச் சென்று தாக்கலாகாதா என்று அவர் எண்ணினார். இடையே காசநோய் அவரைப் பற்றியது. எகிப்து நாட்டில் தங்கி நலம்பெற்று மீண்டு, ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1900ஆம் ஆண்டளவில், ஆடுகளின் உடலில் பிற ஆடுகளின் குருதியைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆடுகளின் குருதியணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. ஆயினும், அவை தாம் தோன்றிய ஆட்டின் குருதியணுக்களைத் தீண்டவில்லை. எனவே, உடல் தனக்கே நஞ்சாவதை வெறுத்து விலக்கும் என்று அவர் கருதினார்.

1904ஆம் ஆண்டில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர் இதற்கு மாறான சான்று கண்டனர். குளிர் தாக்குவதால் வரும் ஒரு நோயில், நோயாளியின் எதிர்ப்பொருளே அவருடைய குருதியணுக்களைச் சிதைத்தது. எர்லிக்கின் பெரும்புகழ் அச்சான்றை மறைத்தது. மருத்துவர் பலர் பல்லாண்டுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

எர்லிக் 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டில், அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் ஹாட்டா என்னும் ஜப்பானிய அறிஞர், 606 என்னும் எண்ணிட்ட மருந்து மேகநோய்க் கிருமிகளை அழிப்பதைக் கண்டார். குறி நாடிச் செல்லும் மருந்து என்ற கனவு நனவாகத் தொடங்கியது. 1915ஆம் ஆண்டு எர்லிக் மறைந்தார்.

அவர் விதைத்த எண்ணம் இன்றும் தழைக்கின்றது. உடலில் கரையும் நுண்துகள்களுள் கோதுமைப் புரதத்தை அடக்கி, அப்புரதத்தால் குடல் சிதையும் நோயாளரின் குருதியில் அறிஞர்கள் செலுத்தினர். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள உயிரணுக்கள் அத்துகள்களை ஏற்று, அப்புரதம் பகையன்று என்று உடலுக்கு உணர்த்துவதே இம்முறையின் நோக்கம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை அளித்தது. எனினும் அது தொடக்கநிலை ஆய்வே.

எர்லிக்கின் ஒரு கருத்து வேலி மேய்வதைக் காணவொட்டாமல் தடுத்தது. மற்றொன்று அவ்வேலியைத் திருத்தும் வழியைக் காட்டியது. பேரறிஞர் கூற்றாயினும் ஆராய்ந்து கொள்வதே அறிவுடைமையாகும்.