60-களில் திரும்பி வந்த 20-களின் நாடகக் குரல்: யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

போத்தனூர் ஜங்ஷன்ல ரயில் ஏறி ஈரோடு போய், கரூர் லைன்ல மாறினா கொடுமுடி வரும். 1908-ல் அங்கே பிறந்தவர்தான் கே.பி.சுந்தராம்பாள். வறுமையில் வளர்ந்த வீடு. சின்ன வயசுல ரயிலில் பாடி காசு வாங்கிய பொண்ணு, அப்படியே நாடக கம்பெனிக்குள் போனார் என்பதுதான் கொங்கு பக்கம் இன்னைக்கும் சொல்லப்படும் கதை.

அது மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். அதனால உச்சஸ்தாயியில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழும்படி பாடினாங்க. கதை பாட்டுக்கு பாட்டு தாவும், ஆர்மோனியம் கூடவே ஓடும். கிட்டத்தட்ட அதே காலத்துல மேற்கே வாட்வில் மேடைகள் இருந்த மாதிரி, நமக்கு இந்த ஸ்பெஷல் நாடகங்கள்.

1926-ல் கொழும்பு மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். மறுவருஷமே கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார், உறவில் பிரிவுகளும் வந்தன. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாளுக்கு அப்போ வயசு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லைன்னும் முடிவு பண்ணினார்.

சரி, அப்புறம் எப்படி சினிமாவுக்கு வந்தார்? 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவரே ஆண் வேஷம் போட்டார்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது நம்பவே முடியாத தொகை. நடுவில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரும் ஆனார். 1953-ல் 'ஔவையார்' வந்தது. ஆனா அதுக்கப்புறம் நீண்ட இடைவெளி.

அந்த இடைவெளியில் சினிமாப் பாட்டே மாறிப்போச்சு. மைக்குக்கு பக்கத்தில் நின்னு மெதுவா பாடும் குரல்கள்தான் இப்போ ஹிட். இந்த நேரத்தில்தான் 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகளாக திரும்பி வந்தார். 1965-ல் 'திருவிளையாடல்'. பழம் கிடைக்காமல் கோபித்துப் போன முருகனை சமாதானப்படுத்தும் ஔவை. கே.வி.மகாதேவன் இசை. கிட்டத்தட்ட 57 வயசுலயும் பாடும் முறையை அவர் மாத்திக்கவே இல்ல. 20-களின் மேடைக் குரல் அப்படியே தியேட்டர் ஸ்பீக்கரில் வந்தது. ஜனங்க கொண்டாடினாங்க.

தற்செயல்தான், ஆனா சுவாரஸ்யம்: 1966-ல் லண்டனிலும் 'நியூ வாட்வில் பேண்ட்' என்ற குழு, 20-களின் பாணியில் மெகாபோனில் பாடுவது போல 'வின்செஸ்டர் கதீட்ரல்' பாட்டை வெளியிட்டு அமெரிக்கா வரை முதலிடம் பிடிச்சது. அவங்க பழசை நகல் எடுத்தாங்க. நம்மகிட்ட அந்தப் பழசே நேரில் வந்து பாடியது.

1969-ல் இன்னொரு கொங்குக்காரரான கோவை சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'துணைவன்' படத்துக்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அந்த விருது ஆரம்பிச்சு அது ரெண்டாவது வருஷம்தான். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றையும், 'திருவிளையாடல்' பாட்டையும் போனில் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆனா மேல் ஸ்தாயிக்கு ஏறும் அந்தப் பாய்ச்சல் ஒரே மேடையிலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.