யோசெமிட்டிக்கு ஆர்.வி புக் பண்றீங்களா? இந்த ரொட்டி மூட்டைக்காரர் கதையைக் கொஞ்சம் கேளுங்க!

கலிஃபோர்னியாவில் மகனோ மகளோ வேலை பார்க்கிற வீடுகளில், கோடை நெருங்கினாலே ஒரு பேச்சு ஆரம்பிச்சிடும். அப்பா அம்மா வர்றாங்க, ஒரு ஆர்.வி வாடகைக்கு எடுத்து யோசெமிட்டி போயிட்டு வந்துடலாமா? ஆர்.வி-ன்னா வேற ஒண்ணும் இல்லை. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அதை கேம்ப்கிரவுண்டில் நிறுத்திட்டு, இளசுகள் முதுகுப்பையோடு ரெண்டு நாள் காட்டுக்குள்ள நடந்துட்டு வரலாம். பெரியவங்க மெர்செட் ஆற்றங்கரையில் சேர் போட்டு உட்காரலாம். பிளான் நல்ல பிளான்தான்.

இதுக்காக மேப்பை விரிச்சீங்கன்னா ஒரே பேர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரம் வரை சுமார் 340 கிலோமீட்டர் ஓடும் நடைபாதைக்கு ஜான் மியூர் பெயர். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கும் செம்மரக் காட்டுக்கும் அவர் பெயர்தான். ஆர்.வி-யின் பாத்ரூம் சைஸில் ஒரு மூட்டைகூட இல்லாமல் இந்த மலையைச் சுற்றிய மனுஷர் அவர்.

1838-ல் ஸ்காட்லாந்தின் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தார். 11 வயதில் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடியேறியது. அப்பா டேனியல் மியூர் மதப் பற்று மிகுந்தவர், கை நீட்டுவதில் அதைவிடத் தீவிரம். அடி உதையோடு பையன் பைபிளின் பெரும்பகுதியை மனப்பாடம் செய்திருந்தான். பண்ணையில் கிணறு வெட்டும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. வெடி வைத்து எல்லாம் இல்லை, சுத்தியலும் உளியும் வைத்து, மணற்பாறையைக் கொத்திக் கொத்தி 90 அடி ஆழம்! 80 அடி போனபோது அடியில் தேங்கியிருந்த விஷவாயுவில் மயங்கி, செத்துப் பிழைத்தான். ரெண்டொரு நாளில் மறுபடியும் அதே கிணற்றுக்குள் இறக்கிவிட்டார் அப்பா. இந்த ஆள் ஏன் வாழ்நாள் முழுக்கத் திறந்த வெளியைத் தேடி ஓடினார்னு யாராவது கேட்டா, நான் இந்தக் கிணற்றைத்தான் காட்டுவேன்.

கை வேலையில் கெட்டிக்காரர். குறித்த நேரத்தில் ஆளைக் கவிழ்த்து எழுப்பிவிடும் கட்டிலெல்லாம் மரத்தில் செய்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இண்டியானாபொலிஸில் வண்டிச் சக்கரம், பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1867 மார்ச்சில் ஒரு நாள், கையிலிருந்த அரம் நழுவி வலது கண்ணில் குத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் பார்வை இழந்தது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பார்வை திரும்பியதும் சக்கரத் தொழிலுக்கு ஒரு கும்பிடு. அந்த செப்டம்பரிலேயே கென்டக்கியிலிருந்து ஃப்ளோரிடா கடற்கரை வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தார். அங்கே மலேரியா அடித்துப் போட்டது. தேறி எழுந்து, கியூபா, பனாமா சுற்றிக் கப்பலில் 1868-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து இறங்கி, அங்கிருந்தும் நடந்தே யோசெமிட்டிக்குப் போனார்.

மறு வருஷக் கோடையில் அவர் மலையேறியது சுற்றுலாப் பயணியாக அல்ல, ஆட்டுக்காரராக. சுமார் 2,000 ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் கூட்டத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பயண பிளானிங் சொதப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்தக் கோடை ஒரு பாடம். கீழேயிருந்து வர வேண்டிய சாமான் வரவில்லை. மாவு தீர்ந்தது, ரொட்டி தீர்ந்தது. நாள் முழுக்க ஆட்டுக்கறியும் டீயும் மட்டுமே. சோறு இல்லாம வெறும் குழம்பா குடிச்சா நமக்கு எப்படி இருக்கும்? வயிறு கெட்டு, தலை சுற்றி, படுத்தால் தூக்கம் வராமல் தவித்தார்கள். சாமான் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் உயிர் வந்தது. அதற்குப் பிறகு மியூர் மலைக்குக் கிளம்பினால் காய்ந்த ரொட்டி, டீத்தூள், ஒரு நோட்டு. பல பயணங்களில் போர்வைகூடக் கிடையாது. தீ மூட்டி அதன் பக்கத்தில் சுருண்டு கொள்வார்.

தயவுசெய்து இதில் மட்டும் அவரைக் காப்பியடிக்காதீங்க. 1875 ஏப்ரல் கடைசியில், 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள ஷாஸ்தா எரிமலை உச்சிக்கு, ஜெரோம் ஃபே என்ற வழிகாட்டியோடு ஏறினார் மியூர். மேலே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மியூர் உடம்பில் வெறும் சட்டைதான், கோட்டைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ரெண்டு பேரும் எரிமலையின் வெந்நீர்ச் சேற்றுக்குள் ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தார்கள். முதுகு வெந்தது, முகம் உறைந்தது. திரும்பிப் படுத்தால் அப்படியே நேரெதிர். உயிர் தப்பினாலும், பனியில் கெட்ட பாதங்களின் தொந்தரவு லேசில் விடவில்லை. வெயில் அடிக்குதேன்னு ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் ஆர்.வி-யிலேயே விட்டுட்டுப் போற தம்பிகளுக்கு இந்தக் கதையை ஒரு தடவை சொல்லிடுங்க.

யோசெமிட்டியில் மர அறுவை மில்லில் வேலை பார்த்துக்கொண்டே, மலைப் பாறைகளில் இருந்த கீறல்களைப் படிக்க ஆரம்பித்தார். பள்ளத்தாக்கின் அடித்தளம் திடீரென்று உள்வாங்கியதால் இது உண்டானது என்பது மாநிலத்தின் தலைமை நிலவியலாளர் ஜோசையா விட்னியின் கட்சி. பனியாறுகள் அரைத்து அரைத்து உண்டாக்கியது என்றார் மியூர். ஆடு மேய்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்ற ரீதியில் ஒதுக்கினார் விட்னி. 1871-ல் அந்த மலைகளில் இன்னும் உயிரோடு நகரும் பனியாறு ஒன்றையே மியூர் கண்டுபிடித்தார். எல்லா விவரத்திலும் அவர் சரியில்லை என்றாலும், பனியாறு என்ற அடிப்படையில் ஆட்டுக்காரர்தான் ஜெயித்தார்.

அதே 1871-ல் எழுத்தாளர் எமர்சன் யோசெமிட்டி வந்தார். வயது கிட்டத்தட்ட 68. ஒரு ராத்திரியாவது ராட்சத மரங்களுக்கு அடியில் படுக்கலாம் வாங்கன்னு மியூர் கெஞ்சாத குறை. கூட வந்தவங்க, குளிர் ஒத்துக்காதுன்னு பெரியவரை வீட்டுக்குள்ளேயே தங்க வெச்சுட்டாங்க. மியூருக்கு அந்த ஏமாற்றம் கடைசி வரை ஆறவில்லை. இதை ஒரு சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பெரிய மனிதர் யார் வந்தாலும் ஒரு ராத்திரி வெளியே படுக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் பின்னாளில் பாடுபட்டதைப் பார்த்தால் புரியும்.

1880-ல் லூயி ஸ்ட்ரென்ட்செலைக் கல்யாணம் செய்துகொண்டு, மார்ட்டினெஸ் ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். ரெண்டு மகள்கள். தோட்டத்தில் நல்ல வருமானம். ஆனால் ஆள் இளைத்தார், இருமினார். கணவர் மலைக்குப் போகட்டும், எழுதட்டும் என்று தோட்டத்தின் ஒரு பகுதியை விற்கவும் குத்தகைக்கு விடவும் ஏற்பாடு செய்தவர் லூயிதான். இந்தக் கதையில் அவருக்கு ஒரு டிரெயிலும் இல்லை!

1889-ல் பத்திரிகை ஆசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனை டுவாலமி புல்வெளிக்குக் கூட்டிப்போய் கேம்ப் போட்டார் மியூர். ஆடுகள் அந்தப் புல்வெளியை எப்படி மொட்டையடித்திருக்கின்றன என்று நேரில் காட்டினார். மியூர் எழுதினார், ஜான்சன் வெளியிட்டார், 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-ல் சியரா கிளப் தொடங்கியபோது முதல் தலைவர் மியூர். 1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே மூன்று ராத்திரி அவரோடு வெட்டவெளியில் படுத்தார். ஒரு ராத்திரி கிளேசியர் பாயின்ட் அருகே பனி கொட்டி, விடியும்போது போர்வையெல்லாம் வெள்ளை. ரூஸ்வெல்ட்டுக்கு ஒரே குஷி. மாநிலத்தின் கையில் இருந்த பள்ளத்தாக்கு 1906-ல் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். மியூர் வருவதற்கு முன்பே அங்கே அவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851-ல் ஆயுதப் படை ஒன்று அவர்களைத் துரத்தியது. பழங்குடி மக்களையும் கறுப்பின மக்களையும் பற்றி மியூர் ஆரம்ப காலத்தில் எழுதியவற்றில் இழிவான பார்வை உண்டு. 2020-ல் சியரா கிளப்பே அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது.

அவர் தோற்ற ஒரு பெரிய சண்டையும் இருக்கு. பூங்காவுக்குள்ளேயே வடக்கே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு. யோசெமிட்டியின் தங்கச்சி மாதிரி. 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் ஃபிரான்சிஸ்கோ அழிந்த பிறகு, அங்கே அணை கட்டித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று நகரம் பிடிவாதமாக நின்றது. மியூர் வருஷக்கணக்கில் எழுதினார், ஆள் சேர்த்தார். 1913 டிசம்பரில் ஜனாதிபதி வில்சன் அணைக்கு அனுமதி கொடுத்து கையெழுத்துப் போட்டார். யோசெமிட்டியை ஆயிரக்கணக்கானவங்க பார்த்திருந்தாங்க. ஹெட்ச் ஹெட்சியைப் பார்த்தவங்க சொற்பம். பார்க்காத இடத்துக்காக யாரு சண்டை போடுவா?

இது மியூருக்கு முன்பே தெரியும். 1901 முதல் சியரா கிளப் வருஷா வருஷம் பெரிய கூட்டத்தை, சமையல்காரர், கோவேறு கழுதைகள் சகிதம் மலைக்குக் கூட்டிப் போனது இதற்காகத்தான். 1912-ல் யோசெமிட்டியில் நடந்த தேசியப் பூங்கா மாநாட்டில் கார்களை உள்ளே விடலாமா என்று விவாதம் வந்தபோது மியூரும் இருந்தார். புகையும் சத்தமும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் எதிர்த்து நிற்கவில்லை. கால்நடையாக வர முடியாதவர்களும் வரட்டும் என்ற பக்கம்தான் சாய்ந்தார். 1913-ல் கார்கள் உள்ளே வந்தன. அதே வருஷம்தான் ஹெட்ச் ஹெட்சி கைவிட்டுப் போனது. மறு வருஷம் டிசம்பர் 24 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் நிமோனியாவில் இறந்தார். வயது 76.

ஆக, உங்க ஆர்.வி-யைப் பார்த்து மியூர் முகம் சுளிச்சிருப்பார், ஆனா வழியை மறிச்சிருக்க மாட்டார். நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. பள்ளத்தாக்கு கேம்ப்கிரவுண்டுகளில் இடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே, புக்கிங் திறந்த சில நிமிஷத்தில் காலியாகும். கரன்ட், தண்ணீர் இணைப்பு எதுவும் வண்டிக்குக் கிடைக்காது, அதனால் பேட்டரியையும் தண்ணீர் டேங்கையும் கணக்குப் பண்ணிக்கோங்க. வண்டியின் நீளத்தைப் பார்த்து இடம் எடுங்க. காட்டுக்குள் ராத்திரி தங்க பெர்மிட் வேணும். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு உண்டு. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் கொண்டுபோகணும், அது கட்டாயம். புளியோதரை வாசனை நமக்கு மட்டும் பிடிக்கும்னு நினைச்சுடாதீங்க.

ஒரு நாளை ஹெட்ச் ஹெட்சிக்கு ஒதுக்குங்க. அந்த மலை ரோடு குறுகல். 25 அடிக்கு மேல் நீளமான வண்டியும், 8 அடிக்கு மேல் அகலமான வண்டியும் அங்கே போகக்கூடாது. பெரிய ஆர்.வி-யை விட்டுட்டு சின்ன கார்லதான் போகணும். அணை மேலேயே நடந்து, குகைப்பாதையைத் தாண்டி, ஏரிக்கரையோரமா சுமார் 4 கிலோமீட்டர் போனா வாபாமா அருவி வரும். வலது கைப்பக்கம் தெரியுற தண்ணிக்கு அடியிலதான் மியூர் நடந்த புல்வெளி இருக்கு. அந்தத் தண்ணிதான் இன்னிக்கும் குழாய் வழியா சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும், பக்கத்து ஊர்கள் பலதுக்கும் வருது. உங்க பையன் வீட்டு சமையலறைக் குழாயிலகூட வரலாம்.