மேலணை கண்ட மேதை

1803இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் காட்டன், பதினெட்டு வயதில் பொறியாளராகச் சென்னை வந்தார். அந்நாளில் காவிரி மணல் மேவி மேடிட்டது. வெள்ளமெல்லாம் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடியது. தஞ்சை வயல்கள் வாடின. கல்லணையைக் கண்டு, மணலிலும் அணை நிற்குமெனக் கற்றார் காட்டன். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கினார். காவிரி மீண்டும் நிறைந்தது. பின்னர்க் கோதாவரியிலும் தவளேஸ்வரத்தில் அணை கண்டார். 1899இல் மறைந்தார்.

ஆனால் அணைக்கும் மூப்பு உண்டன்றோ! 2018 ஆகஸ்டு 22 இரவு, மேலணையின் 45 மதகுகளுள் 9 வெள்ளத்தில் சரிந்தன. பிறகு புதிய கதவணை எழுந்தது. கட்டியவருக்குச் சிலை வைக்கிறோம். ஆண்டுதோறும் அடித்தளத்தின் மணலரிப்பையும் கதவின் துருவையும் சோதிப்பவரை யார் அறிவார்? உழவர் வீட்டிலிருந்து கல்லூரி கண்ட முதல் தலைமுறை நாம். காப்பதும் ஆக்கமே என உணர்வோம், தோழர்களே!