அடிமையாய் விற்கப்பட்ட பேராயர் சாமுவேல் கிரௌதர்

பகைவர் தரும் துன்பத்தைத் தாங்கும் நெஞ்சுரம் பலருக்கு உண்டு. தம்மவர் என்று நம்பியவர்களே வழி மறிக்கும்போதும் மேற்கொண்ட பணியைக் கைவிடாது நிற்பவர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரைப் படிக்கும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் அவா. அவர் நம் நாட்டவர் அல்லர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் ஆடுமாடுபோல் சந்தையில் விற்கப்பட்டவர். பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராக உயர்ந்தவர். அவரே சாமுவேல் அஜயி கிரௌதர்.

குதிரைக்கு ஈடான சிறுவன்

இன்றைய நைஜீரியாவில், யொரூபா மக்கள் வாழும் பகுதியில் உள்ளது ஓசோகுன் என்னும் ஊர். அங்கே ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் அஜயி பிறந்தான். 1821ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, அடிமை பிடிப்போர் அவ்வூரைச் சூழ்ந்து தீயிட்டனர். தப்பி ஓடியவர்களின் கழுத்தில் கயிறு விழுந்தது. அஜயியும் அவன் தாயும் உடன்பிறந்தோரும் பிடிபட்டனர். சில நாட்களுக்குள் தாயையும் மகனையும் பிரித்துவிட்டனர்.

அதன் பின்னர் அச்சிறுவன் கைமாறிய வரலாறு கல்நெஞ்சையும் கரைக்கும். முதலில் அவனைக் கொடுத்து ஒரு குதிரையை வாங்கினர். குதிரை மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று சில வாரங்களில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனை மீண்டும் பெற்றுக்கொண்டனர். இவ்வாறு பலமுறை விற்கப்பட்டான். வெள்ளையரிடம் விற்றுவிடுவார்களோ என்று அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தான். கடவுள் அருளால் அது நிறைவேறவில்லை. முடிவில் லாகோஸ் துறைமுகத்தில் போர்ச்சுக்கீசிய வணிகர் அவனை வாங்கிக் கப்பலேற்றினர். அக்கப்பலில் அவனைப்போல் 187 அடிமைகள் இருந்தனர்.

அடிமை வணிகத்தை 1807ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்திருந்த பிரிட்டன், தன் போர்க்கப்பல்களை அக்கடற்கரையில் காவலுக்கு நிறுத்தியிருந்தது. 1822 ஏப்ரலில் அவை அந்தப் போர்ச்சுக்கீசியக் கப்பலை மடக்கிப் பிடித்தன. விடுதலை பெற்ற அஜயி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சியரா லியோன் நாட்டில் கரையிறக்கப்பட்டான்.

எழுத்து தந்த விடுதலை

விலங்கு கழன்றால் மட்டும் ஒருவன் விடுதலை பெற்றவன் ஆகிவிடமாட்டான் என்பதை அச்சிறுவன் உணர்ந்திருந்தான் போலும். சி.எம்.எஸ். மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்து ஆறே மாதங்களில் திருமறையைப் படிக்கும் அளவுக்குத் தேறினான். நம் திருநெல்வேலிச் சீமையில் பள்ளிகளையும் ஆலயங்களையும் நிறுவிய அதே மிஷன்தான் அது. படிப்போடு தச்சு வேலையும் கற்றான். 1825 டிசம்பர் 11 அன்று திருமுழுக்குப் பெற்று, இங்கிலாந்து தேசத்துக் குரு ஒருவரின் பெயரான சாமுவேல் கிரௌதர் என்பதைத் தன் பெயராக ஏற்றான்.

1827ஆம் ஆண்டில் பௌரா பே என்னுமிடத்தில் தொடங்கப்பெற்ற கல்லூரியின் முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர். பின்பு ஆசிரியரானார். அவரைப்போலவே அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட சூசன் என்னும் நங்கையை மணந்தார்.

1841ஆம் ஆண்டில் நைஜர் ஆற்றின் வழியே உள்நாட்டை அடையும் நோக்குடன் பிரிட்டிஷ் அரசு ஒரு பயணக்குழுவை அனுப்பியது. கிரௌதரும் அதில் சென்றார். குழுவில் இருந்த ஏறத்தாழ 150 ஐரோப்பியருள் 40 பேருக்கு மேல் காய்ச்சலால் மாண்டனர். ஆப்பிரிக்க மண்ணில் பணிபுரிய ஆப்பிரிக்கரையே பயிற்றுவிக்க வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. 1843ஆம் ஆண்டில் கிரௌதர் லண்டனில் குருவாக அபிஷேகம் பெற்றார்.

தாயும் மகனும்

சொந்த நாட்டு மக்களிடையே பணியாற்றப் புறப்பட்ட அவர், போர்க் குழப்பத்தால் படாக்ரி என்னும் கடற்கரை ஊரிலேயே ஒன்றரை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. மக்களிடையே பழகினார், மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். 1846 ஆகஸ்டில் அபெயோக்குத்தா நகரை அடைந்த சில நாட்களில், அவர் தாய் அவரைத் தேடி வந்தார். பிரிந்து 25 ஆண்டுகள்! நடுங்கும் கைகளால் மகனின் கைகளைப் பற்றிக்கொண்ட அவ்வன்னையால் பேச இயலவில்லை. 1848ஆம் ஆண்டில் அந்நகரில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுள் அத்தாயும் ஒருவர்.

கிரௌதர் ஆற்றிய பணிகளுள் தலையாயது மொழிப்பணி. யொரூபா மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதினார். அம்மொழியில் ஒக்கோ என்று நம் செவிக்கு ஒன்றாகவே கேட்கும் சொல், குரலின் ஏற்ற இறக்கத்தால் கணவன் என்றும் மண்வெட்டி என்றும் வாகனம் என்றும் பொருள் மாறும். இந்நுட்பங்களை எழுத்தில் கொணர்வது எத்துணை அரிது! முதியோரிடம் அமர்ந்து பழமொழிகளையும் வழக்குச் சொற்களையும் திரட்டித் திருமறையை மொழிபெயர்த்தார். வேறு பலரின் துணையுடன் 1884ஆம் ஆண்டில் யொரூபா மொழியில் திருமறை முழுமை பெற்றது. ஒரு காலத்தில் குதிரைக்கு ஈடாக விற்கப்பட்டவர் ஓர் இனத்தின் நாவுக்கு எழுத்து வடிவம் தந்தார்.

பீடமும் தடையும்

1864 ஜூன் 29 அன்று காண்டர்பரி பேராலயத்தில் கிரௌதர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆப்பிரிக்கத் திருச்சபை தன்னைத் தானே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என்னும் கொள்கையுடைய ஹென்றி வென் என்னும் சி.எம்.எஸ். செயலாளரே இதற்கு முன்னின்று உழைத்தார். ஆயினும் அபெயோக்குத்தாவில் பணியாற்றிய ஐரோப்பிய மிஷனரிமார், கறுப்பர் ஒருவரின் கீழ் ஊழியம் செய்ய உடன்படவில்லை. ஆதலால் அவர்கள் இருந்த இடங்கள் நடைமுறையில் அவர் மேற்பார்வைக்குள் வரவில்லை. தாய்மொழி பேசும் தம் மக்கள் ஒருபுறமிருக்க, வேற்று மொழிகள் வழங்கும் நைஜர் ஆற்றங்கரையே அவர் உழைப்புக்குரிய களமாயிற்று.

அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. அந்த ஆற்றையே தம் மறைமாவட்டமாக ஏற்றார். 1857ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றிருந்த அப்பணியில் அவருக்குத் துணைநின்றோர் அனைவரும் ஆப்பிரிக்கரே. 1878 வரை மிஷனுக்குச் சொந்த நீராவிக் கப்பல் இல்லை. வணிகர் கப்பலில் இடம் கிடைக்கும்போதுதான் பயணம். 1867ஆம் ஆண்டில் அபோக்கோ என்னும் தலைவன் அவரையும் மகன் டாண்டிசனையும் சிறைபிடித்துப் பெருந்தொகை கேட்டான். அவர்களை மீட்க வந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் நச்சம்பு பட்டு இறந்தார். பானி நகரத்துச் சபை 1870களில் கொடிய துன்புறுத்தலுக்கு ஆளாயிற்று. படையல் உணவை உண்ண மறுத்த யோசுவா ஹார்ட் என்னும் அடிமை 1875ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். அடிமைகளே பெரும்பான்மையாக இருந்த அச்சபை சிதறிவிடவில்லை.

முதுமையில் வந்த சோதனை

ஹென்றி வென் 1873ஆம் ஆண்டில் மறைந்தபின் மிஷனின் போக்கு மாறியது. 1880களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிமார், ஆப்பிரிக்க ஊழியர்களிடம் குறைகளையே தேடினர். குறைகள் சில இருந்தன என்பதையும், அவற்றைக் களையப் பேராயர் முயன்றார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் சிலரின் குற்றத்தை ஓர் இனத்தின் இயல்பாகவே அவர்கள் கருதினர். 1890 ஆகஸ்டில் ஓனிட்சா நகரில் கூடிய குழுவில், வயதில் அவருடைய பேரர்களை ஒத்த இளைஞர்கள், அவர் முன்னிலையிலேயே அவருடைய குருமாரைப் பதவியிலிருந்து நிறுத்தினர். நிறுத்தப்பட்டவர்களுள் அவர் மகன் டாண்டிசனும் ஒருவர்.

எண்பது வயதைத் தாண்டிய அம்முதியவர் அன்றே அக்குழுவின் பொறுப்பைத் துறந்தார். இவ்விடத்தை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். விடாமுயற்சி என்பது அநீதிக்கு உடன்பட்டுத் தலையசைப்பது அன்று. அவர் அநீதிக்குத் துணைபோகவில்லை. அதற்காக இறைப்பணியையும் விட்டுவிடவில்லை. ஆற்றின் கழிமுகத்தில் இருந்த சபைகள் தம் சொந்தப் பணத்தால் தம்மைத் தாங்கி நடத்தும் திட்டத்தில் ஈடுபட்டிருந்தபோதே, 1891 டிசம்பர் 31 அன்று லாகோஸில் உயிர் நீத்தார். அத்திட்டம் மறு ஆண்டில் டாண்டிசனின் தலைமையில் நிறைவேறியது.

அவருக்குப்பின் அப்பீடத்தில் ஓர் ஐரோப்பியரே அமர்த்தப்பட்டார். முழுப் பொறுப்புடைய ஆப்பிரிக்கப் பேராயரை அந்நாடு மீண்டும் காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எனினும் உண்மை உறங்குவதில்லை. 2014 ஜூன் மாதம், அவர் பேராயரான 150ஆம் ஆண்டு நிறைவில், அதே காண்டர்பரி பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. கிரௌதருக்கும் அவர் மக்களுக்கும் இழைக்கப்பட்ட தீங்கிற்காகத் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அன்று வருத்தம் தெரிவித்தார்.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

கிரௌதரின் மருமகன் 1859ஆம் ஆண்டில் லாகோஸில் நிறுவிய பள்ளியே நைஜீரியாவின் முதல் உயர்நிலைப் பள்ளி. அவருடைய பேரர் ஹெர்பர்ட் மக்காலே நைஜீரிய தேசிய இயக்கத்தின் முன்னோடி. அடிமைச் சந்தையில் விலை குறிக்கப்பட்ட ஒரு சிறுவன் கற்ற எழுத்து, மூன்றாம் தலைமுறையில் ஒரு நாட்டின் உரிமைக் குரலாக ஒலித்தது.

முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பிறப்பைக் காட்டி வாயிலில் நிறுத்துவோர் ஆலயத்திலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு, நாம் நண்பர் என எண்ணும் வட்டத்திலும் உண்டு. அவர்களைக் கண்டு படிப்பை நிறுத்திய மாணவனையும் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தவனையும் பார்த்திருக்கிறேன். முன்னவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பின்னவனின் பிள்ளைகள் இன்று நம் சங்கத்தின் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இளைஞர்களே! நைஜர் ஆற்றில் அடுத்த கப்பலுக்காகக் கரையில் காத்திருந்த அந்தக் கறுப்புப் பேராயரை நினைவிற் கொள்ளுங்கள். காத்திருந்த நேரத்திலும் அவர் கையில் ஏடும் எழுதுகோலும் இருந்தன.