தன் உடலில் முதல் ஊசி: ஹாஃப்கினும் தோட்டத் தொழிலாளரும்

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களில் தடுப்பூசி இன்று அன்றாட விடயமாகிவிட்டது. கிளினிக் நாளில் கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்கும் தாய், ஊசி எதற்காகப் போடப்படுகிறது என்பதை அறிந்தே நிற்கிறாள். ஆயினும் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் தடுப்பூசிக்கும் இடையிலான உறவு ஏறத்தாழ 130 ஆண்டுகள் பழைமையானது என்பதை நம்மவரில் பலர் அறியார். அந்த உறவின் தொடக்க காலத்தைத் தேடினால் அஸ்ஸாம் தோட்டங்களுக்கும், வால்டெமர் ஹாஃப்கின் என்ற மனிதரிடமும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஒடெசா பல்கலைக்கழகத்தில் மெச்னிக்கோவ் என்ற பேரறிஞரிடம் விலங்கியல் பயின்றார். யூதர் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது தற்காப்புக் குழுவில் இணைந்து சிறை கண்டார். பேராசிரியராவதற்கு மதம் தடையாயிற்று. மதம் மாறுவதற்கோ அவர் இணங்கவில்லை. 1888இல் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவா சென்று, அங்கிருந்து பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தை அடைந்தபோது அவருக்குக் கிடைத்தது நூலகப் பணிதான். நூல்களை அடுக்கிய நேரம் போக எஞ்சிய வேளைகளில் அவர் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தார்.

கினிப் பன்றிகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்திக் கிருமியின் ஒரு வகையை வீரியமுடையதாக்கினார். மற்றொரு வகையை வெப்பக் காற்றில் வளர்த்து மெலியச் செய்தார். மெலிந்ததை முதலிலும் வீரியம் மிக்கதைச் சில நாட்களின் பின்னரும் செலுத்துவதே அவரது முறை. அந்த மருந்து மனிதருக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்வி எழுந்தபோது, 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி அதனைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டு, சில நாட்களில் தேறினார்.

அப்போது பாரிஸில் பிரித்தானியத் தூதுவராக இருந்த டஃப்ரின் பிரபு முன்னாள் இந்திய வைஸ்ராய். அவரது ஆதரவுடன் ஹாஃப்கின் 1893இல் கல்கத்தா வந்திறங்கினார். மருத்துவப் பட்டம் இல்லாத இந்த ரஷ்யரை ஆங்கில மருத்துவ அதிகாரிகள் ஐயத்துடனேயே நோக்கினர். ஒற்றனாக இருக்கலாம் என்றும் பேச்சு அடிபட்டது. 1894இல் கல்கத்தாவின் கட்டல் பகான் சேரியில் வாந்திபேதி தலைகாட்டியது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் நோய் கண்ட பத்துப் பேரும் ஊசி போடாதவர்கள்.

இதனை அறிந்த அஸ்ஸாம் தோட்ட உரிமையாளர்கள் அவரை அழைத்தார்கள். ஆள்கட்டித் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லும் வழியெல்லாம் வாந்திபேதி தொழிலாளரைப் பலிகொண்டது. சாவு மிகுந்தால் கொழுந்து எடுக்க ஆள் இல்லை என்பதே துரைமாரின் முதற்கவலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஊசி பெற்றனர். விருப்பமுள்ளவர்க்கே போட வேண்டும் என்பது ஹாஃப்கினின் கொள்கை. எனினும் துரையும் சர்தாரும் அருகே நிற்க, லயத்து மனிதன் வேண்டாமென்று சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வியை, கங்காணி முறையின் கீழ் வாழ்ந்தவர்களின் வழிவந்த நாம் கேட்காமல் இருப்பது கடினம். இலங்கைக்கு வந்த நம் முன்னோரும் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைகளுக்குட்பட்ட பின்னரே கடல் கடந்தார்கள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்கேள்வி பழங்கதையல்ல. எச்.ஐ.வி. வைரஸ் 1983இல் கண்டறியப்பட்டது. இன்றுவரை அதற்குத் தடுப்பூசி இல்லை. தன்னைப் பிரதியெடுக்கும்போது அந்த வைரஸ் அடிக்கடி பிழை செய்கிறது. எனவே ஒரே நோயாளியின் உடலிலேயே அது எண்ணற்ற வடிவங்களாகப் பிரிகிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்கு அஞ்சாத வடிவம் பிழைத்துப் பெருகும். அதனால்தான் 1996 முதல் பல மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. கிருமியை மெலியச் செய்து ஊசியாக்கும் ஹாஃப்கின் காலத்து வழி இங்கே ஆபத்தானது. தென்னாபிரிக்காவில் நடைபெற்ற பெரும் தடுப்பூசிப் பரிசோதனையொன்று பயனளிக்காமல் 2020இல் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்றவர்களுக்கு ஆபத்தும் உரிமையும் முன்கூட்டியே விளக்கப்பட்டு, கையொப்பம் பெறப்பட்டது. அஸ்ஸாம் லயங்களில் இல்லாதிருந்தது அந்தக் கையொப்பமே.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது அரசாங்கம் ஹாஃப்கினை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிறியதோர் இடத்தில், மூன்றே மாதங்களில் தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10ஆம் திகதி மீண்டும் தமக்கே முதலில் ஏற்றிக்கொண்டார். அடுத்துப் பைக்குல்லா சிறைக் கைதிகள். ஊசி பெற்றவர்களிடையே நோயும் சாவும் மிகக் குறைவாயிருந்தன. ஆகாகான் பொதுமக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு மக்களின் அச்சத்தைத் தணித்தார்.

அந்தப் புகழ் நீடிக்கவில்லை. 1902 ஒக்டோபர் 30ஆம் திகதி பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். ஆய்வகத்தில் கார்பாலிக் அமிலத்தைத் தவிர்த்து வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்ததே காரணம் என விசாரணைக் குழு கருதியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, 1904இல் இங்கிலாந்து சென்றார். உண்மையில், கிராமத்தில் புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அது உரியபடி சுத்திகரிக்கப்படாமலே பயன்படுத்தப்பட்டது. இச்சான்று விசாரணைக் கோவையிலேயே இருந்தும் அதற்கு உரிய மதிப்பளிக்கப்படவில்லை. யூதர் என்பதற்காகப் பிரான்ஸில் பழிசுமத்தப்பட்ட டிரைஃபஸ் என்ற அதிகாரியோடு அவரைச் சிலர் ஒப்பிட்டதில் வியப்பில்லை.

மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரோஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907இல் லண்டன் டைம்ஸ் இதழில் பகிரங்கமாக வாதிட்ட பின்னரே ஹாஃப்கின் குற்றமற்றவராக அறிவிக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. பம்பாய் ஆய்வகத்தின் பொறுப்பு வேறொருவரிடம் போயிருந்தது. கல்கத்தாவில் அவருக்குப் பணி கொடுக்கப்பட்டது. மனிதரில் பரிசோதனை செய்யும் அனுமதி கொடுக்கப்படவில்லை. குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிப்போட்ட இச்செயலை நீதி என்று அழைப்பதற்கு மனம் வரவில்லை. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் அவர் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

1925இல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 2.6 கோடி பிளேக் தடுப்பூசிகள் அங்கிருந்து சென்றிருந்தன. திருமணம் செய்துகொள்ளாத ஹாஃப்கின், தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பிய யூத மதக் கல்விக்கூடங்களுக்கு விட்டுவிட்டு, 1930 ஒக்டோபர் 26ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். 1964இல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அஸ்ஸாமில் அவரிடம் கையை நீட்டிய தொழிலாளர்கள் அறிக்கைகளில் எண்களாகவே இடம்பெற்றிருக்கிறார்கள்.