கொல்லிமலையின் எவ்லின் பிராண்ட் அம்மையார்

பள்ளிக்கூடம் வேண்டுமென்று கேட்ட நம் பாட்டன்மாரைப் பித்தர் என்று ஊரார் நகைத்த கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆகவே எவ்லின் பிராண்ட் அம்மையாரின் வரலாறு நமக்கு அந்நியமன்று.

1879இல் இங்கிலாந்தில் பிறந்த அம்மையார், கணவர் ஜெஸ்ஸியுடன் கொல்லிமலையில் குடியேறி, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருந்தும் கல்வியும் வழங்கினார். 1929இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவான கருநீர்க் காய்ச்சலுக்குப் பலியானார். பின்னாளில், மீண்டும் அம்மலைக்கே அனுப்புமாறு அம்மையார் வேண்டியபோது, வயது மிகுந்ததென்று மிஷன் சபை மறுத்தது. எழுபதை நெருங்கிய வயதில் பணி ஓய்வு பெற்றதும், இனிச் சபையின் ஆணை தம்மைக் கட்டாதென்று தாமே மலையேறிவிட்டார்.

முதுமையின் மதிமயக்கம் என்றனர். இளைஞரொருவர் சென்றிருந்தால் வீரம் என்றிருப்பர்!

மட்டக்குதிரை மீது ஊர் ஊராகச் சென்றார், பலமுறை விழுந்தார், எலும்பு முறிந்தது. இரு மூங்கிற் கழிகளை ஊன்றி நடந்தார். கொல்லிமலையில் வளர்ந்து, வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து புகழ்பெற்ற மகன் பால் பிராண்டே இறங்கிவருமாறு வேண்டினார். மருத்துவ நூலின்படி மகன் கூறியது சரியே. ஆயினும் அம்மையார் எண்ணிப் பார்த்தது தம் எலும்புகளையன்று, மருத்துவர் எவரும் ஏறிவராத ஊர்களை.

குதிரையேற இயலாதபோது மலைமக்கள் அவரைத் தூளி கட்டிச் சுமந்தனர். அவருடைய மதியைப் பற்றி அந்தத் தோள்களை எவரும் கேட்டதில்லை. 1974இல், தமது 95ஆம் வயதில் மறைந்த அம்மையார், அம்மலையிலேயே கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார்.