ஓவியமாகவும் ஓவியராகவும் வாழ்ந்த எலிசபெத் சிடால்

தொடக்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லட்’ நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. நான் வாங்கிய பதிப்பின் அட்டையில் ஓர் ஓவியம். ஓடை நீரில் ஓர் இளம்பெண் மல்லாந்து மிதக்கிறாள். செம்பட்டைக் கூந்தல் நீரில் விரிந்து கிடக்கிறது. கையில் இருந்த பூக்கள் உடை மேல் சிதறிக் கிடக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் ஒஃபீலியாதான் அவள்.

அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். வரைந்தவர் ஜான் எவரெட் மில்லே, காலம் 1851-52, இருக்குமிடம் லண்டன் டேட் பிரிட்டன் என்று எல்லாம் எழுதியிருந்தேன். ஓவியருக்கு மாதிரியாக இருந்த பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான். தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர், இளவயதில் இறந்தவர் என்று முடித்துவிட்டேன். திருத்திக் கொடுத்த ஆசிரியை அந்த வரியின் அடியில் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டிருந்தார். காரணம் கேட்கப் போனேன். அந்தப் பெண் வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். அவர் படம் வரைந்தவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் பெயர் எலிசபெத் சிடால்.

இரண்டு தொடக்கங்கள்

எலிசபெத் 1829 ஜூலை 25ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை கத்தி, கரண்டி வகைகள் செய்யும் தொழில் நடத்தியவர். ஷெஃபீல்டு நகரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அது. எலிசபெத் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள சதக் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பெரிய வசதி இல்லை. ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெண்ணெய் சுற்றி வந்த தாளில் அச்சாகியிருந்த டென்னிசன் கவிதையைப் படித்துத்தான் கவிதை மீது அவருக்கு ஆசை பிறந்தது என்று ஒரு கதை உண்டு.

வளர்ந்ததும் லெஸ்டர் சதுக்கத்துக்கு அருகே ஒரு தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1849 வாக்கில் வால்டர் டெவரல் என்ற இளம் ஓவியரின் அறிமுகம் கிடைத்தது. இந்த அறிமுகம் எப்படி நடந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். தாயாருடன் கடைக்குப் போன டெவரல், உயரமான செங்கூந்தல் பெண்ணைக் கண்டு வியந்து, தம் ஓவியத்துக்கு மாதிரியாக வரச் சொல்லிக் கேட்டார் என்பது அது. இரண்டாவது கதை ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒருவர் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. வேலை முடிந்த நேரத்தில் தாம் வரைந்த படங்களை எலிசபெத்தே எடுத்துச் சென்று, அரசு வடிவமைப்புப் பள்ளியில் பொறுப்பில் இருந்த டெவரலின் தந்தையிடம் காட்டினார். அவர் மகிழ்ந்து தம் மகனுக்கும் மகனின் நண்பர்களுக்கும் அறிமுகம் செய்து வைத்தார் என்கிறது அந்தக் குறிப்பு.

முதல் கதையில் அவர் கண்டெடுக்கப்பட்ட பொருள். இரண்டாவது கதையில் வாய்ப்புத் தேடிப் போன இளையர். நூறாண்டுக்கும் மேலாக உலகம் முதல் கதையை மட்டுமே சொல்லி வந்தது.

குளிர்ந்துபோன தொட்டி

டெவரலின் நண்பர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். மில்லே, வில்லியம் ஹோல்மன் ஹண்ட், டாண்டே கேப்ரியல் ரொசெட்டி ஆகியோர் மேலும் நால்வருடன் சேர்ந்து 1848இல் ‘பிரீ-ராஃபேலைட் சகோதரத்துவம்’ என்ற குழுவைத் தொடங்கியிருந்தனர். இத்தாலிய ஓவியர் ராஃபேலைப் பின்பற்றி வந்த கல்விக்கூட மரபு உயிரற்றுப் போய்விட்டது என்பது அவர்கள் கருத்து. அவருக்கு முந்தைய காலத்து ஓவியர்களைப் போலத் தெளிவான வண்ணத்தோடு, இயற்கையை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று விரும்பினார்கள். பெயரிலேயே சகோதரத்துவம் இருந்தது. ஏழு பேரும் ஆண்கள்.

எலிசபெத் முதலில் டெவரலுக்கும் பிறகு ஹண்டுக்கும் மாதிரியாக அமர்ந்தார். அடுத்து மில்லேயின் ஒஃபீலியா. ஓடையையும் செடிகொடிகளையும் மில்லே சர்ரே மாநிலத்தில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்து முடித்துவிட்டார். பெண்ணின் உருவத்தைக் குளிர்காலத்தில் லண்டன் கவர் தெருவில் இருந்த தம் வீட்டில் வரைந்தார். பழைய வெள்ளிச் சரிகை உடையை அணிந்து, நீர் நிரப்பிய குளியல் தொட்டியில் எலிசபெத் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். தண்ணீர் சூடாக இருப்பதற்குத் தொட்டியின் அடியில் எண்ணெய் விளக்குகள் எரிந்தன.

ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன. வரைவதில் மூழ்கியிருந்த மில்லே கவனிக்கவில்லை. எலிசபெத்தும் வாய் திறக்கவில்லை. அசைந்தால் படம் கெட்டுவிடும் அல்லவா? கடும் குளிரால் அவர் நோயில் விழுந்தார். தந்தை கொதித்துப் போய் 50 பவுண்டு இழப்பீடு கேட்டார். மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு மில்லே பிரச்சினையை முடித்தார். 1852இல் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஓவியம் இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது.

தூரிகை கைமாறியது

1852 வாக்கில் எலிசபெத் ரொசெட்டியின் மாணவியானார், இருவரும் காதலித்தனர். அதன்பின் அவருக்கு மட்டுமே மாதிரியாக அமர்ந்தார். ரொசெட்டி அவரை எத்தனை முறை வரைந்தார் என்று எண்ணி மாளாது. நாற்காலியில் சாய்ந்தபடி, இமை தாழ்த்தியபடி, படித்தபடி என்று படங்கள் குவிந்தன. குடும்பப் பெயரின் கடைசி எழுத்தை நீக்கி எழுதும்படி சொன்னவரும் ரொசெட்டிதான்.

அந்தக் குவியலில் ஒரு சிறிய பேனாச் சித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1853இல் ரொசெட்டி வரைந்தது. அதில் அவர் நாற்காலியில் மாதிரியாக உட்கார்ந்திருக்கிறார். எதிரில் எலிசபெத் முன்னால் குனிந்து அவரை வரைந்துகொண்டிருக்கிறார்.

அதே ஆண்டு எலிசபெத் தம் முகத்தையே எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கி 1854இல் முடித்தார். சிறிய, வட்டமான ஓவியம். ரொசெட்டி வரைந்த கனவு முகம் அதில் இல்லை. கனத்த இமைகள், மெல்லிய உதடுகள், அலங்காரமில்லாத உடை, கொஞ்சம் களைத்த பார்வை. கண்ணாடியில் கண்டதை அப்படியே வரைந்திருக்கிறார். இயற்கையை உள்ளபடி வரைய வேண்டும் என்பதுதானே அந்தக் குழுவின் கொள்கை! அவர் முகத்தைப் பொறுத்தவரை அந்தக் கொள்கையைக் கடைப்பிடித்தவர் அவரே.

1853 டிசம்பரில் டென்னிசனின் ‘ஷாலட் சீமாட்டி’ கவிதைக்கு அவர் வரைந்த படத்தையும் சொல்ல வேண்டும். கோபுரத்தில் தனியே நெசவு செய்யும் பெண்ணின் கதை அது. உலகைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம், சன்னல் வழியே பார்த்தால் சாபம். பின்னாளில் ஹண்ட் இதே காட்சியை வரைந்தபோது, நூல்களில் சிக்கித் தவிக்கும் பெண்ணாகக் காட்டினார். எலிசபெத்தின் படத்தில் கண்ணாடி உடைகிறது, நூல்கள் பறக்கின்றன. அவளோ தறி முன் அமைதியாக அமர்ந்து சன்னலை நோக்கித் தலையைத் திருப்புகிறாள். பார்க்கத் துணிந்த பெண்ணை அவர் வரைந்திருக்கிறார்.

150 பவுண்டு

1855இல் அக்காலத்தின் செல்வாக்கு மிக்க கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், எலிசபெத்திடம் அப்போது இருந்த படங்கள் அனைத்தையும் 30 பவுண்டுக்கு வாங்கினார். மேலும், அவர் வரைவது எல்லாவற்றையும் தாமே பெற்றுக்கொண்டு ஆண்டுக்கு 150 பவுண்டு தருவதாகவும் ஏற்பாடு செய்தார். தொப்பிக் கடைப் பெண் கனவிலும் காணாத தொகை. சுமார் இரண்டு ஆண்டுகள் இது நீடித்தது. உடல்நலம் தேற அவர் பிரான்சுக்குப் போய்வந்ததும் இக்காலத்தில்தான்.

1857இல் பிரீ-ராஃபேலைட் ஓவியர்கள் லண்டன் ரஸல் பிளேஸில் தாங்களே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் இடம்பெற்ற ஒரே பெண் எலிசபெத் சிடால். அவருடைய ‘கிளார்க் சாண்டர்ஸ்’ என்ற நீர்வண்ண ஓவியம் பின்பு அமெரிக்காவுக்குப் போன பிரிட்டிஷ் ஓவியக் கண்காட்சியிலும் இடம்பெற்று, அங்கே ஓர் அறிஞரால் வாங்கப்பட்டது. இன்று அது கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு அவர் ஷெஃபீல்டுக்குச் சென்று அங்குள்ள கலைப்பள்ளி வகுப்புகளிலும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

இதன் கனம் புரிய ஒரு தகவல் போதும். ராயல் அகாடமி பள்ளிகள் 1860இல்தான் முதல் மாணவியைச் சேர்த்தன. அதுவும் தெரியாமல் நடந்தது. லாரா ஹெர்ஃபோர்டு என்பவர் முதலெழுத்துகளோடு மட்டும் கையெழுத்திட்டுப் படங்களை அனுப்ப, ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

தோண்டி எடுத்த கவிதைகள்

பல ஆண்டுகள் தள்ளிப்போன திருமணம் 1860 மே 23ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்தது. எலிசபெத் அப்போதே மிகவும் தளர்ந்திருந்தார். மறு ஆண்டு அவருக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அந்தத் துயரிலிருந்து அவர் மீளவே இல்லை. அபின் கலந்த லாடனம் என்ற மருந்தை நெடுநாளாகப் பயன்படுத்தி வந்தார். இன்று கடும் கட்டுப்பாட்டில் உள்ள அத்தகைய மருந்து அன்று கடைகளில் எளிதாகக் கிடைத்தது. 1862 பிப்ரவரி 11ஆம் தேதி, அளவுக்கு மிஞ்சிய லாடனத்தால் உயிரிழந்தார். தற்செயலான மரணம் என்று விசாரணை தீர்ப்பளித்தது. வயது 32.

மனமுடைந்த ரொசெட்டி தம் கவிதைக் கையெழுத்துப் படியை மனைவியின் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அந்தக் கவிதைகள் வேண்டும் என்று தோன்றியது. 1869இல் ஹைகேட் கல்லறையைத் தோண்டி அவற்றை எடுத்தார்கள். 1870இல் நூலாக வெளிவந்தன. எலிசபெத்தின் கூந்தல் வளர்ந்து பெட்டியை நிறைத்திருந்தது என்ற வதந்தியும் பரவியது. இறந்த உடலில் முடி வளராது என்பது உயிரியல் படிக்கும் மாணவர்களுக்குத் தெரியும். இறந்த பிறகும் அவர் அழகைப் பற்றியே பேசினார்கள்.

எலிசபெத்தும் கவிதை எழுதியவர்தான். காதலின் ஏமாற்றத்தையும் சாவையும் பற்றி எளிய சொற்களில் எழுதிய சுமார் 15 கவிதைகள் கிடைத்துள்ளன. கணவரின் கவிதைகளுக்காகக் கல்லறையே திறக்கப்பட்டது. அவருடைய கவிதைகளோ, அவர் இறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகுதான், ரொசெட்டியின் தம்பி வில்லியம் வழியாக அச்சுக்கு வந்தன. ரொசெட்டியைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனைவியின் படங்களைத் திரட்டிப் புகைப்படம் எடுக்கச் செய்தவர் அவர். அதனால்தான் சில படங்களை இன்று நாம் அறிய முடிகிறது.

திருத்திய வரி

1980களில் பெண் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, எலிசபெத்தை ஓவியராக மீட்டெடுத்தார்கள். 2019இல் லண்டன் தேசிய உருவப்பட அரங்கம் ‘பிரீ-ராஃபேலைட் சகோதரிகள்’ என்ற கண்காட்சியை நடத்தியது. ஓவியர்கள் ஜோவானா பாய்ஸ், மரி ஸ்பார்டலி, ஜமைக்காவில் பிறந்து பல ஓவியர்களுக்கு மாதிரியாக இருந்த ஃபேனி ஈட்டன் என்று பலரும் அதில் பேசப்பட்டார்கள். பள்ளித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம்.

எலிசபெத் சிடால் பெரிய மேதை என்று நான் வாதாட வரவில்லை. முறையான பயிற்சி அவருக்குச் சில காலமே கிடைத்தது. சில படங்களில் கை கால்களின் அளவு தடுமாறுகிறது. பத்தே ஆண்டுகள் வரைந்தார், அதிலும் பாதி நாள் நோயில் கழிந்தது. ஆனாலும் படம் விற்றார், கண்காட்சியில் இடம்பெற்றார், படிப்பைத் தொடர்ந்தார். ஒரு கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் இடம் பெற இது போதாதா?

ஆசிரியை சொன்னதற்குப் பிறகு அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் கூடவில்லை, காலக்கெடு முடிந்துவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் மூன்று பக்கமாக வளர்ந்திருந்தது. எலிசபெத் சிடால், ஓவியர் என்று அதைத் தொடங்கியிருந்தேன்.